பட்டியலில் முதலாவதாக நிற்கும் ரோபோ

போன வருடம் எங்கள் விடுதி அறையில் ஒருவன் இரண்டு நாளாக யாரோடும் கதைக்கவில்லை. சாப்பிடக் கூப்பிட்டால் "பசிக்கேல்ல மச்சான்" என்றுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான். வீட்டில் யாருக்கோ சுகமில்லை என்றுதான் நினைத்தோம். மூன்றாம் நாள் இரவு, லைற் எல்லாம் நூர்த்த பிறகு, போனை எங்களிடம் நீட்டினான். வெளிநாட்டு நாணயங்களை வாங்கி விற்கும் கணக்கொன்று. அதில் 9 டொலர் சொச்சம் இருந்தது. 11 கிழமைக்கு முதல் அவன் அதில் போட்டது 600 டொலர். மடிக்கணினி வாங்கச் சொல்லி அக்கா வெளிநாட்டிலிருந்து அனுப்பிய காசு.

எல்லோரும் கேட்கும் கேள்வியைத்தான் நாங்களும் கேட்டோம்: "கண்ணை மூடிக்கொண்டே போட்டனி?" அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் சும்மா போடேல்ல. ரெண்டு கிழமை இருந்து பாத்து, ஆயிரக்கணக்கில இருந்ததுக்குள்ள வடிகட்டித்தான் எடுத்தனான்."

அது உண்மை. தான் தெரிந்த முறையை அவன் எங்களுக்குக் காட்டினான். தானாகவே வாங்கி விற்கும் மென்பொருள்கள் ஆயிரக்கணக்கில் அடுக்கப்பட்ட ஒரு தளம். இலாபம் கூடியது, வெற்றி வீதம் கூடியது, ஆறு மாதத்துக்கு மேல் ஓடியது என்று ஒவ்வொரு வடிகட்டியாகப் போட்டிருக்கிறான். கடைசியில் மிஞ்சிய சிலதை மாத இலாபத்தின்படி அடுக்கி, முதலாவதாக நின்றதை எடுத்திருக்கிறான். நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் வெற்றி, மாதம் 20 வீத இலாபம், அடிமட்டம் வைத்துக் கீறியதுபோல மேலே போகும் கோடு. எங்களில் யார் தேடியிருந்தாலும் அதைத்தான் எடுத்திருப்போம்.

அவனுடைய கோபத்துக்கு அன்று எங்களிடம் பதில் இருக்கவில்லை. பிறகு பொருளியலும் புள்ளிவிபரவியலும் படிக்கிற நாங்கள் சிலர் கூடியிருந்து தேடி வாசித்துக் கண்டுகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறோம். சுருக்கமாகச் சொன்னால், அவன் கவனக்குறைவால் மாட்டுப்படவில்லை. அவன் கவனம் எடுத்த விதத்தாலேயே மாட்டுப்பட்டான். பெரிய பட்டியலொன்றை இலாபத்தை வைத்து வடிகட்டினால் கடைசியில் கையில் மிஞ்சுவது பெரும்பாலும் அதிர்ஷ்டம் அடித்த ரோபோ, இல்லாவிட்டால் ஆபத்தை ஒளித்து வைத்திருக்கும் ரோபோ.

ரோபோ என்றால் கையும் காலும் உள்ள ஒன்றில்லை. மெட்டாட்ரேடர் என்ற மென்பொருளின் நான்காம் பதிப்பு 2005இல் வந்தது, ஐந்தாம் பதிப்பு 2010இல் வந்தது. இரண்டிலும் யாரும் தங்கள் விதிகளை நிரலாக எழுதிப் பூட்டலாம். "விலை இந்தக் கோட்டைத் தாண்டினால் வாங்கு, இவ்வளவு கூடினால் விற்று விடு" என்ற மாதிரியான விதிகள். அதற்கு எக்ஸ்பேர்ட் அட்வைசர் என்று பெயர், சுருக்கமாக ஈ.ஏ. பெயரில் நிபுணர் இருக்கிறார், உள்ளே இருப்பது சில வரி விதிகள் மட்டும். எழுதுவது சுகம் என்பதால் எண்ணிக்கை கூடிவிட்டது. எண்ணிக்கை கூடியதுதான் பிரச்சினையின் தொடக்கம்.

எப்படி என்று பார்க்க வகுப்பில் ஒரு விளையாட்டு வைத்தோம். 64 பேரை எழும்பி நிற்கச் சொல்லி ஆளுக்கொரு நாணயம் சுண்டச் சொன்னோம். பூ விழுந்தவர்கள் இருக்க வேண்டும், தலை விழுந்தவர்கள் நிற்கலாம். ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய அரைவாசிப் பேர் இருந்தார்கள். ஆறாவது முறை முடிய ஒருத்தி மட்டும் நின்றாள். "என்ன உத்தி?" என்று கேட்டோம். "பெருவிரலால மெதுவாச் சுண்டினனான்" என்றாள். வகுப்பே சிரித்தது. ஏழாவது முறை சுண்டச் சொன்னோம். பூ.

அந்த விளையாட்டில் யாருக்கும் திறமை இருக்கவில்லை. ஆனாலும் 64 பேர் இருந்தால் ஆறு தடவையும் வென்ற ஒருவர் வருவார் என்று எதிர்பார்க்கலாம். 1024 பேர் இருந்தால் பத்துத் தடவையும் வென்ற ஒருவரை எதிர்பார்க்கலாம். கூட்டம் பெரிதாகப் பெரிதாக, முதலாவதாக வருபவரின் சாதனையும் பெரிதாகும். ஆனால் அந்தச் சாதனைக்கும் திறமைக்கும் தொடர்பு இல்லை.

இன்னொரு கணக்கு. ஒரு திறமையும் இல்லாத, ஒவ்வொரு வர்த்தகத்திலும் வெல்லவும் தோற்கவும் சமவாய்ப்புள்ள ஒரு ரோபோ 100 வர்த்தகம் செய்கிறது. அதில் 60 அல்லது அதற்கு மேல் வெல்ல வாய்ப்பு 3 வீதத்துக்குச் சற்றுக் குறைவு. குறைவுதான். ஆனால் பட்டியலில் அப்படிப்பட்ட 1000 ரோபோக்கள் இருந்தால் அவற்றில் ஏறக்குறைய 28 ரோபோக்கள் "60 வீத வெற்றி" என்ற பதிவோடு நிற்கும். நீங்கள் வடிகட்டி போட்டால் முதல் பக்கத்தில் வருபவை அந்த 28 தான். "ஆயிரத்துக்குள்ள தேடி எடுத்தனான்" என்பதை எங்கள் நண்பன் பாதுகாப்பு என்று நினைத்தான். ஆபத்தே அந்த ஆயிரத்தில்தான் இருந்தது.

இது வகுப்பறைக் கணக்கு மட்டும்தானா என்று எங்களுக்கும் சந்தேகம் இருந்தது. உண்மையான ரோபோக்களை வைத்து யாராவது பார்த்திருக்கிறார்களா என்று தேடினோம். பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில் 2011இல் குவான்டோபியன் என்ற நிறுவனம் தொடங்கியது. உலகின் எந்த மூலையில் இருப்பவரும் அங்கே வர்த்தக நிரல் எழுதலாம், பழைய விலைத் தரவில் அதை ஓட்டிப் பார்க்கலாம். இப்படிப் பழைய தரவில் ஓட்டிப் பார்ப்பதற்குப் பெயர் பக்டெஸ்ட். இலட்சக்கணக்கானோர் சேர்ந்தார்கள். அவர்களின் நிரல்களில் நல்லதைத் தெரிந்து, வெளியாரின் பெரும் முதலீட்டை அதில் போடுவது நிறுவனத்தின் திட்டம். எங்கள் நண்பன் போனில் செய்ததைப் பெரிய படிப்பாளிகள் பெரிய கணினிகளோடு செய்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

2016இல் அந்த நிறுவனத்தின் ஆய்வாளர்களே ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 888 நிரல்களை எடுத்து, பக்டெஸ்டில் அவை காட்டிய பெறுபேற்றையும் அதற்குப் பிறகு வந்த புதிய தரவில் காட்டிய பெறுபேற்றையும் ஒப்பிட்டார்கள். இலாபத்தை அதற்காக ஏற்ற ஏற்றத்தாழ்வோடு ஒப்பிடும் ஷார்ப் விகிதம் என்ற அளவை இருக்கிறது. ரோபோக்களைத் தரப்படுத்தக் கனபேர் நம்புவது அதைத்தான். பக்டெஸ்டில் வந்த ஷார்ப் விகிதம், பிறகு வந்த பெறுபேற்றின் வேறுபாட்டில் 2.5 வீதத்தைக்கூட விளக்கவில்லை. அதாவது, முந்திய பதிவில் முதலாவதாக நின்றது பிறகு எங்கே நிற்கும் என்பதைப் பற்றி அந்த எண் ஏறக்குறைய எதையும் சொல்லவில்லை. இன்னொன்றையும் கண்டார்கள். ஒருவர் தன் நிரலை எவ்வளவு அதிகமாக பக்டெஸ்ட் செய்து திருத்தினாரோ, அவ்வளவுக்குப் பக்டெஸ்டுக்கும் பிறகு நடந்ததற்கும் இடைவெளி கூடியது. குவான்டோபியன் 2020இல் முதலீட்டாளர்களின் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. அதே வருடம் மூடப்பட்டது.

திருத்தத் திருத்த ஏன் மோசமாகிறது? கடந்தகால வினாத்தாளை மனப்பாடம் செய்த மாணவனை நினைத்துப் பாருங்கள். அதே தாளைத் திரும்பக் கொடுத்தால் அவனுக்கு 100 புள்ளி வரும். புதுத் தாள் வந்தால் முழிப்பான். ஒரு ரோபோவில் திருகக்கூடிய ஐந்து அளவுகள் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் பத்துப் பெறுமானம் போடலாம் என்றால், மொத்தம் 1,00,000 சேர்க்கைகள். கணினி அத்தனையையும் பழைய தரவில் ஓட்டிப் பார்த்து மிக வடிவான கோட்டைத் தெரிந்து தரும். விற்பவர் பொய் சொல்லவில்லை, அந்தக் கோடு உண்மையாகவே வந்ததுதான். மற்ற 99,999 கோடுகளையும் அவர் காட்டவில்லை, அவ்வளவுதான். அமெரிக்கக் கணிதக் கழகத்தின் சஞ்சிகையில் 2014இல் நான்கு ஆய்வாளர்கள் இதைக் கணக்காகவே போட்டுக் காட்டினார்கள். கையில் ஐந்து வருடத் தரவு மட்டும் இருந்தால், ஒன்றோடொன்று தொடர்பில்லாத 45 வடிவங்களுக்கு மேல் முயன்று பார்க்கக்கூடாது. அதற்கு மேல் முயன்றால், எந்தப் பயனுமில்லாத ஒன்றுகூட நல்ல ஷார்ப் விகிதத்தோடு வருவது ஏறக்குறைய நிச்சயம். 45க்கும் 1,00,000க்கும் இடையில் உள்ள தூரத்தை யோசியுங்கள்.

இதைப் பகிடியாகச் செய்து காட்டிய ஒருவரும் இருக்கிறார். டேவிட் லைன்வெபர் என்பவர் 1990களில் ஐக்கிய நாடுகளின் தரவுத் தொகுப்பு ஒன்றைக் கிளறி, அமெரிக்கப் பங்குச் சந்தையின் எஸ் அன்ட் பி 500 சுட்டெண்ணோடு எது நன்றாகப் பொருந்துகிறது என்று தேடினார். கிடைத்தது பங்களாதேசின் வெண்ணெய் உற்பத்தி. அது மட்டுமே சுட்டெண்ணின் மாற்றத்தில் 75 வீதத்தை "விளக்கியது". பாற்கட்டி உற்பத்தியையும் செம்மறியாடுகளின் எண்ணிக்கையையும் சேர்த்தபோது 99 வீதமானது. டாக்காவில் மாடு கறப்பவரைப் பார்த்து நியூயோர்க்கில் யாரும் பங்கு வாங்குவதில்லை. தேடுகிற இடம் போதுமான அளவு பெரிதாக இருந்தால் எதுவும் எதனோடும் பொருந்தும் என்பதைக் காட்டவே அவர் அதைச் செய்தார்.

இதுவரை சொன்னது அதிர்ஷ்டத்தைப் பற்றி. எங்கள் நண்பனின் ரோபோ இரண்டாவது வகை.

அவனுடைய வர்த்தக வரலாற்றைத் திறந்து பார்த்தபோது எங்களுக்கு ஒன்று தெரிந்தது. தோற்ற வர்த்தகத்துக்கு அடுத்து வந்தவை 0.01, 0.02, 0.04, 0.08 லொட் என்று இரட்டித்துக்கொண்டு போயிருந்தன. இது பழைய சூதாட்ட முறை, பெயர் மார்ட்டிங்கேல். 1 டொலர் தோற்றால் 2 போடு, அதுவும் தோற்றால் 4 போடு. எப்போது வென்றாலும் முந்திய நட்டமெல்லாம் ஈடாகி 1 டொலர் மிஞ்சும். கேட்கத் தோல்வியே இல்லாததுபோல இருக்கும்.

1000 டொலரோடு இதைத் தொடங்குவோம். நாளுக்கு இப்படிப் பத்துச் சுற்று என்றால் நாளுக்கு 10 டொலர், மாதத்துக்கு 20 வீத இலாபம். விளம்பரத்தில் வருகிற அதே எண். இப்போது தொடர்ந்து 9 தடவை தோற்றுப் பாருங்கள். 511 டொலர் போய்விட்டது, பத்தாவது பந்தயத்துக்கு 512 வேண்டும், கையில் 489 தான். அவ்வளவுதான், கதை முடிந்தது. வெல்லவும் தோற்கவும் சமவாய்ப்பு என்றால் ஒரு சுற்றில் இப்படி நடக்க வாய்ப்பு 512க்கு 1. நாளுக்குப் பத்துச் சுற்று ஓடினால் இரண்டு மாதத்துக்குள்ளேயே இது நடக்க அரைவாசிக்கு மேல் வாய்ப்பு இருக்கிறது. எங்கள் நண்பனின் கணக்கு 11 கிழமை நின்றது.

வெற்றி வீதம் என்ற எண்ணுக்கு ஏன் மரியாதை கொடுக்கக்கூடாது என்பது இதில் விளங்கும். 100 வர்த்தகத்தில் 95இல் ஒரு டொலர்ப்படி வென்று, 5இல் 30 டொலர்ப்படி தோற்றால், வெற்றி வீதம் 95. கையில் இருப்பது 55 டொலர் நட்டம். இலாபத்தில் உள்ளதை உடனே மூடி, நட்டத்தில் உள்ளதை மூடாமல் இழுத்தடிக்கும் ரோபோக்களும் இருக்கின்றன. மூடிய வர்த்தகங்களின் கணக்கான பலன்ஸ் கோடு ஏறிக்கொண்டே இருக்கும். திறந்து கிடக்கும் நட்டத்தையும் சேர்த்துக் காட்டும் எக்குவிற்றி கோடு பக்கத்தில் அடியில் தொங்கும். விளம்பரத்தில் வருவது பலன்ஸ் கோடு மட்டும்.

நீண்டகாலப் பதிவு இருந்தால் நம்பலாமா? சுவிற்சர்லாந்தின் மத்திய வங்கி 2011 செப்டெம்பர் 6ஆம் திகதி, ஒரு யூரோ 1.20 பிராங்குக்குக் கீழே போக விடமாட்டோம் என்று அறிவித்தது. விலை 1.20ஐ நெருங்கும்போது வாங்கி, சற்று ஏற விற்கும் ரோபோ ஒன்றை அந்த நாட்களில் எழுதியிருந்தால், மூன்று வருடத்துக்கு மேல் அதன் பதிவு அப்பழுக்கில்லாமல் இருந்திருக்கும். 2015 சனவரி 15ஆம் திகதி மத்திய வங்கி அந்த வாக்குறுதியைக் கைவிட்டது. சில நிமிடங்களில் யூரோ 1.00 பிராங்குக்கும் கீழே விழுந்தது. நட்டத்தில் நிறுத்தச் சொல்லி வைத்திருந்த கட்டளைகள்கூட அந்த விலையில் நிறைவேறவில்லை. கணக்கு வைத்திருந்தவர்கள் மட்டுமில்லை, பிரித்தானியாவில் அல்பாரி என்ற தரகு நிறுவனமும் முறிந்தது. மூன்று வருடப் பதிவு அந்த ரோபோவின் திறமையைச் சொல்லவில்லை. மூன்று வருடமாக ஒரு வாக்குறுதி உயிரோடு இருந்தது என்பதைத்தான் சொன்னது.

இன்னொன்று, பட்டியலில் இல்லாதவர்களைப் பற்றியது. எங்கள் ஊரில் ரியூசன் வாசலில் தொங்கும் பனரைப் பார்த்திருப்பீர்கள். மூன்று ஏ எடுத்தவர்களின் படங்கள் வரிசையாக இருக்கும். அதே வாங்கிலில் இருந்து மூன்றும் எஃப் எடுத்தவர்களின் படம் இருக்காது. ரோபோப் பட்டியலும் அந்தப் பனர் மாதிரித்தான். ஒருவர் பத்து வேறு அமைப்புகளில் பத்துக் கணக்குத் திறந்து, ஆறு மாதத்தில் ஒன்பதை மூடிவிட்டு, மிஞ்சிய ஒன்றை மட்டும் பட்டியலில் போடலாம். செத்தவை கணக்கில் வராததால் உயிரோடு இருப்பவை எல்லாம் கெட்டிக்காரராகத் தெரியும்.

அப்படியென்றால் தெரியவே முடியாதா? முடியும். ஆனால் ஒழுங்கைத் தலைகீழாக்க வேண்டும். நல்லதைத் தேடிப் போகாமல், கழிக்க வேண்டியதை முதலில் கழிக்க வேண்டும். நாங்கள் பேசி எடுத்த ஒழுங்கு இது.

பட்டியலைத் திறக்க முதலே விதிகளைக் கொப்பியில் எழுதுங்கள். திறந்த பிறகு எழுதினால், கண்ணுக்குப் பிடித்த ரோபோவுக்கு ஏற்றமாதிரி விதி வளையும். இலாபத்தின்படி அடுக்கும் பொத்தானைத் தொடாதீர்கள்.

முதலாவது கழிவு: பக்டெஸ்ட் மட்டும் உள்ளவை, மாதிரிக் காசில் ஓடும் டெமோ கணக்கு மட்டும் உள்ளவை. உண்மைக் காசில் ஓடி, விற்பவரின் கை படாமல் வேறொரு தளம் நேரடியாகத் தரகரிடமிருந்து எடுத்துக் காட்டும் பதிவு வேண்டும். படம் பிடித்து அனுப்பும் ஸ்கிரீன்ஷொட் பதிவில்லை.

இரண்டாவது கழிவு: வரலாற்றைத் திறந்து லொட் அளவைப் பாருங்கள். தோற்ற பிறகு இரட்டிக்கிறதா, நட்டத்தை நிறுத்தும் ஸ்டொப் லொஸ் இல்லையா, ஒரு நட்டம் சராசரி இலாபத்தைப்போல இருபது முப்பது மடங்கா என்று பாருங்கள். ஆம் என்றால் பக்கத்தை மூடுங்கள். எங்கள் நண்பன் இந்த ஒன்றைப் பார்த்திருந்தால் போதும்.

மூன்றாவது கழிவு: வர்த்தக எண்ணிக்கை. 100 வர்த்தகத்தில் 60 வெற்றி அதிர்ஷ்டத்தால் வரலாம் என்று மேலே பார்த்தோம். 1000 வர்த்தகத்தில் 600 வெற்றி அப்படி வராது. அந்த வர்த்தகங்கள் ஒரே கிழமையில் குவிந்திருக்காமல், சந்தை ஏறிய காலம், விழுந்த காலம், அசையாத காலம் எல்லாவற்றிலும் பரவியிருக்க வேண்டும்.

நான்காவது: இறக்கம். கணக்கு அதன் உச்சத்திலிருந்து எவ்வளவு ஆழத்துக்கு விழுந்தது என்பதை எக்குவிற்றியில் பாருங்கள். 50 வீதம் விழுந்தால் பழைய இடத்துக்கு வர 100 வீதம் ஏற வேண்டும். 80 வீதம் விழுந்தால் 400 வீதம் ஏற வேண்டும். குவான்டோபியன் ஆய்வில் பிறகு நடப்பதைப் பற்றி ஓரளவாவது சொன்னவை இலாப எண்கள் இல்லை, ஏற்றத்தாழ்வும் அதிகபட்ச இறக்கமும் போன்றவைதான். அந்த ஆழம் இன்னும் கூடும் என்று எண்ணியே கணக்குப் போடுங்கள்.

ஐந்தாவது: காசு எங்கேயிருந்து வருகிறது என்று கேளுங்கள். சந்தையில் ஒருவர் தொடர்ந்து வெல்வதென்றால் மறுபக்கத்தில் யாரோ ஏதோ காரணத்துக்காகக் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும். அந்தக் காரணத்தை விற்பவரால் நான்கு வசனத்தில் சொல்ல முடியாவிட்டால், "செயற்கை நுண்ணறிவு" என்ற சொல்லை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னால், விடுங்கள்.

கடைசியாக, எல்லாவற்றையும்விட முக்கியமானது. இத்தனையும் தாண்டி ஒன்று மிஞ்சினாலும் காசு போடாதீர்கள். திகதியைக் கொப்பியில் எழுதிவிட்டு ஆறு மாதம் பொறுங்கள். நீங்கள் தெரிவதற்கு முதல் இருந்த பதிவு, தெரிவதற்காகப் பயன்பட்டு முடிந்துவிட்டது. அதையே திரும்பச் சாட்சிக்குக் கூப்பிட முடியாது. வகுப்பில் கடைசியாக நின்றவளை ஏழாவது முறை சுண்டச் சொன்னோமே, அதுதான் இது. தெரிந்த நாளுக்குப் பிறகு வருவதே அந்த ரோபோவைப் பற்றிய உண்மையான பதிவு.

இவ்வளவையும் செய்தால் ஒன்றுமே மிஞ்சாது என்று சொல்வீர்கள். பெரும்பாலும் மிஞ்சாது. ஒன்றுமில்லை என்பதும் ஒரு பதில்தான். 600 டொலர் பெறுமதியான பதில்.

எங்களோடு முரண்படுகிறவர்களும் இருக்கிறார்கள். "பெரிய நிறுவனங்கள் எல்லாம் கணினியாலதானே வர்த்தகம் செய்யுது, எங்களுக்கு மட்டும் ஏன் ஏலாது?" என்று ஒரு தோழி கேட்டாள். நியாயமான கேள்வி. நாங்கள் கணினி வர்த்தகமே ஏமாற்று என்று சொல்லவில்லை. உண்மையில் உழைக்கிற முறை ஒன்று கையில் இருப்பவர் அதை 99 டொலருக்கு ஊரெல்லாம் விற்பாரா என்றுதான் கேட்கிறோம். முதல் இல்லாதவர் விற்கலாம், சரி. ஆனால் விற்பவருக்கு இன்னொரு வருமானமும் இருக்கலாம். அவர் தந்த இணைப்பால் நீங்கள் தரகரிடம் கணக்குத் திறந்தால், நீங்கள் செய்யும் ஒவ்வொரு வர்த்தகத்துக்கும் தரகர் அவருக்குத் தரகுப் பணம் கொடுக்கும் ஏற்பாடு இந்தத் துறையில் சாதாரணம். நீங்கள் வென்றாலும் தோற்றாலும் அவருக்குக் காசு வரும். ஆகவே இணைப்போடு வருகிற சிபாரிசைச் சிபாரிசாக எடுக்காதீர்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் பங்குச் சந்தை ஒழுங்குபடுத்தும் அமைப்பு 2018இல் நாடுகள் தோறும் நடந்த ஆய்வுகளைச் சேர்த்துச் சொன்னது: இந்த வகைக் கடன்பிடி வர்த்தகத்தில் சாதாரண மக்களின் கணக்குகளில் 74 முதல் 89 வீதம் வரை நட்டத்தில் முடிகின்றன. அதற்குப் பிறகு அங்குள்ள தரகர்கள் தங்கள் விளம்பரத்திலேயே நட்டப்படுவோரின் வீதத்தை எழுத வேண்டியிருக்கிறது. எங்களுக்கு வட்ஸ்அப்பிலும் ரெலிகிராமிலும் வரும் விளம்பரங்களில் அந்த வரி இல்லை, காரும் கடற்கரையும்தான் இருக்கின்றன. இலங்கையில் அந்நியச் செலாவணி வாங்கி விற்கும் தொழிலை 2017ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அனுமதி பெற்றவர்களே செய்யலாம். இணையவழி வர்த்தகம் பற்றி மத்திய வங்கி பலமுறை எச்சரித்தும் இருக்கிறது. காசு போனபிறகு முறைப்பாடு செய்யப் போனால், கடல் கடந்த தரகரைப் பிடிக்க எங்களிடம் கையில்லை.

ஆனாலும் ஏன் போகிறார்கள் என்பது எங்களுக்குத் தெரியும். 2022இல் சில மாதங்களுக்குள் ஒரு டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாயைத் தாண்டியதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். டொலரில் உழைப்பவன் தப்பினான், ரூபாயில் உழைப்பவன் மாட்டுப்பட்டான் என்பது வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் படித்த பாடம். கலைப்பீடத்தில் படிக்கிறவனிடம் "முடிச்சுப்போட்டு என்ன செய்யப் போறாய்?" என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. அந்தக் கேள்விக்கு ஒரு பதில் வேண்டித்தான் எங்கள் நண்பன் அந்தப் பட்டியலைத் திறந்தான். அவனைப் பேராசைக்காரன் என்று சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை.

அதனால் எங்கள் கோரிக்கை இரண்டு. ஒன்று, புதுமுக மாணவர்களுக்கு முதல் கிழமையில் எத்தனையோ கூட்டம் வைக்கிறோம், அதில் ஒரு மணித்தியாலம் இந்த நாணய விளையாட்டுக்கு ஒதுக்குவோம். கணிதம் தேவையில்லை, ஆளுக்கொரு ஐந்து ரூபாய்க் குற்றி போதும். மற்றது, இழந்தவர்கள் வாய் திறக்க வேண்டும். வென்றவன் தன் ஸ்கிரீன்ஷொட்டை நூறு பேருக்கு அனுப்புகிறான், தோற்றவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுக்கிறான். அதனால் எங்கள் விடுதியிலும் உயிரோடு இருப்பவை மட்டுமே தெரியும் ஒரு பட்டியல் உருவாகிவிடுகிறது. அடுத்தவன் அதைப் பார்த்துத்தான் தெரிகிறான்.

எங்கள் நண்பன் ஒரு மாதம் கழித்து அக்காவுக்கு உண்மையைச் சொன்னான். அவ அழவில்லையாம், பேசவும் இல்லையாம். "முதலே சொல்லியிருக்கலாமே" என்று மட்டும் கேட்டாவாம். இப்போது அவனிடம் ஒரு கொப்பி இருக்கிறது. சில ரோபோக்களின் பெயரும் தெரிந்த திகதியும் எழுதி வைத்திருக்கிறான், ஒரு சதமும் போடவில்லை. இடைக்கிடை திறந்து பார்த்து, பட்டியலில் இல்லாமல் போனவற்றுக்குச் சிவப்புப் பேனையால் கோடு இழுக்கிறான். இந்தக் கட்டுரையை எழுதச் சொன்னதும் அவன்தான்.